வீட்டுப் பட்டறைக்கு ஒரு ரவுட்டர் மேசை: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரவுட்டர் மேசையைப் பற்றியே கேட்டிருந்தமையால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். பிட் எனும் சுழலும் வெட்டலகால் மரத்தில் காடி என்ற நீள்பள்ளங்களை வெட்டவும் விளிம்பு வேலை செய்யவும் உதவும் கை இயந்திரமே ரவுட்டர்; பிட் மட்டும் மேலே தெரியும்படி அதைத் தலைகீழாகத் தொங்கவிடுவதே ரவுட்டர் மேசை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்து வருகிறேன். என்னிடம் 12 மில்லிமீற்றர் கொலெட் (பிட்டின் தண்டைக் கவ்வும் பிடி) கொண்ட, 1600 வோற்று வலுவுள்ள ரவுட்டர் ஒன்று உள்ளது. லாச்சிகளுக்குக் காடி வெட்டவும், அலுமாரிக் கதவுகளின் சட்டங்களுக்கு விளிம்பு வேலை செய்யவும் அதை ஒரு மேசையில் பொருத்த விரும்புகிறேன். வீட்டின் பின் விறாந்தையில் ஆறடிக்கு எட்டடி இடமே உண்டு. மேசையை என்ன அளவில், எந்தப் பலகையில், எவ்வாறு செய்வது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ரவுட்டர் மேசையின் படங்களைப் பார்ப்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது அலுமினியத் தண்டவாளங்களிலும், அடுக்கடுக்கான லாச்சிகளிலும், கைபிடி சுழற்றினால் ரவுட்டர் ஏறி இறங்கும் பொறியிலுந்தான். அவை எல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடியவை. பிட்டைச் சுற்றி ஓரடி தூரத்துக்கு மேற்பரப்பு சமதளமாக இருப்பதும், அடுத்த ஆண்டும் அவ்வாறே இருப்பதுமே மேசையின் உயிர். மேற்பரப்பு நடுவில் அரை மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால், நீங்கள் வெட்டும் காடியின் ஆழம் பலகையின் இரு முனைகளில் ஒன்றாகவும் நடுவில் வேறாகவும் வரும். கதவுச் சட்டங்களின் மூட்டுகள் ஒருநாளும் ஒட்டி உட்காரா. எனவே பணத்தையும் பொறுமையையும் முதலில் மேற்பலகையில் செலவிடுங்கள்.

கொழும்பின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியிலும் ஈரப்பதன் 70 சதவீதத்திற்கு மேல் இருப்பதால், தனிமரப் பலகைகளை ஒட்டி மேற்பலகை செய்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. தேக்கேயானாலும் அகலவாக்கில் அது விரிந்து சுருங்கவே செய்யும். 18 மில்லிமீற்றர் எம்.டி.எப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை இரண்டை முழுப் பரப்பிலும் பசை பூசி ஒட்டி, 36 மில்லிமீற்றர் தடிப்பாக்குவதே வீட்டுப் பட்டறைக்குச் சிறந்த வழி. ஒட்டும்போது கீழே தட்டையான தரை இருப்பது அவசியம். வளைந்த தரையில் வைத்துப் பாரம் ஏற்றினால், அந்த வளைவு பசையோடு சேர்ந்து நிரந்தரமாகிவிடும்.

ஒட்டிய பலகையின் மேற்புறத்துக்குப் போர்மைக்கா ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும். அடிப்புறத்துக்கும் அதையே ஒட்ட வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மூடிய பலகை, மூடாத பக்கத்தினூடாக ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கம் மட்டும் விரிவதால், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் மேசை நடுவில் மேடாகவோ பள்ளமாகவோ மாறிவிடும். அடிப்புறத்துக்கு நிறமும் அழகும் தேவையில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் எந்தப் போர்மைக்காவும் போதும், தடிப்பு மட்டும் மேற்புறத்துக்குச் சமமாக இருக்கட்டும். நான்கு ஓரங்களிலும் மரச்சட்டம் ஒட்டி வார்ணிஷ் பூசுங்கள். எம்.டி.எப். பலகையின் ஓரம் நனைந்தால் வீங்கும், வீங்கியது பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை. விறாந்தையில் சாரல் அடிக்குமென்றால் இதைப் பின்னொரு நாளுக்கு ஒத்திப்போட வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு 800 மில்லிமீற்றர் நீளமும் 600 மில்லிமீற்றர் அகலமும் உள்ள மேற்பலகை பொருத்தமானது. அது மட்டுமே ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறை வரும். அந்த நிறை அதிர்வைக் குறைக்க உதவும். நீளவாக்கில் பிட் நடுவில் இருக்கட்டும். அகலவாக்கில் முன் ஓரத்திலிருந்து 250 மில்லிமீற்றர் தள்ளி வைத்தால், பின்னால், மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கான வழிகாட்டிப் பலகைக்கும் அதைப் பிடிக்கும் கிளாம்புகளுக்கும் போதிய இடம் மிஞ்சும். நின்று வேலை செய்பவருக்கு 35 முதல் 37 அங்குலம் வரையான உயரம் வசதியாக இருக்கும். கால்களை மகோகனியிலோ லுணுமிதெல்லவிலோ செய்யலாம். ஆனால், மேற்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டு, அவற்றின் மேல் விளிம்புகள் நேராகச் சீவப்பட்டிருக்க வேண்டும். சட்டகத்தின் இரு முனைகளிலும் நேரான இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒரு பக்கத்தில் குனிந்து ஒன்றின் மேலாக மற்றதைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரியாவிட்டால் சட்டகம் முறுக்கியிருக்கிறது. அந்த முறுக்கைச் சீவி எடுக்காமல் மேற்பலகையைத் திருகாணியால் இறுக்கினால், நேராக இருந்த பலகையும் முறுக்கிக்கொள்ளும்.

ரவுட்டரை நேரடியாக 36 மில்லிமீற்றர் பலகையில் பொருத்தினால் பிட் மேலே எட்டாது. ஆகவே நடுவில் ஒரு திறப்பு வெட்டி, அதில் உலோகத் தட்டு ஒன்றைப் பதித்து, தட்டின் அடியில் ரவுட்டரைத் தொங்கவிட வேண்டும். வெளிநாடுகளில் ஆயத்தமாக விற்கப்படும் தட்டுகளில் பரவலான ஓர் அளவு 9 1/4 அங்குலத்துக்கு 11 3/4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 235க்கு 298 மில்லிமீற்றர். இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணமுண்டு: ரவுட்டரைத் தட்டோடு சேர்த்து மேலே தூக்கி எடுத்தே பிட்டை மாற்ற நேரும், அதற்கு ரவுட்டரின் கைபிடிகளும் திறப்பினூடாக வர வேண்டும். உங்கள் ரவுட்டரைத் தலைகீழாக வைத்து அளந்த பின்பே தட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.

ஆயத்தத் தட்டுத்தான் வேண்டுமென்றில்லை. பழைய சோனகத் தெருப் பக்கம் உலோகம் விற்கும் கடைகளில் 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை அளவுக்கு வெட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். 10 மில்லிமீற்றர் பேக்கலைட் தகடும் நன்றாகத் தாங்கும். பெர்ஸ்பெக்ஸ் மட்டும் வேண்டாம். கண்ணுக்கு அழகாக இருந்தாலும், ஐந்தாறு கிலோகிராம் நிறையுள்ள ரவுட்டர் இரவு பகலாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும். அலுமினியம் வெளிர்நிற மரத்தில் சாம்பல் நிறக் கறையை விடும். மெழுகு தேய்த்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

தட்டுக்குரிய திறப்பை வெட்டுவதே இவ்வேலையில் மிகக் கவனமான கட்டம். தட்டை அதன் இடத்தில் வைத்து, அதன் நான்கு பக்கங்களிலும் ஒட்டியவாறு நேரான பலகைத் துண்டுகளை இருபக்க ஒட்டுநாடாவால் பதியுங்கள். பின்னர் தட்டை எடுத்துவிட்டு, தண்டின் பக்கம் பெயாரிங் உள்ள நேர்பிட்டை அந்தத் துண்டுகளில் உராயவிட்டு ஓட்டினால், தட்டின் வடிவிலேயே ஒரு படி வெட்டு கிடைக்கும். 19 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிட் மூலைகளில் 9.5 மில்லிமீற்றர் ஆரையை விடும்; தட்டின் மூலைகளையும் அதே ஆரைக்கு அரத்தால் உருட்டுங்கள். ஆழத்தை ஒரே தடவையில் எடுக்காமல் இரண்டு மூன்று ஓட்டங்களாக எடுத்து, தட்டின் தடிப்பைவிட ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். அதன்பின் ஓரத்தில் 12 மில்லிமீற்றர் அகலத் திண்ணை மிஞ்சும்படி உள்ளே மூலைகளில் துளையிட்டு, ஜிக்ஸோ வாளால் நடுப்பகுதியை அறுத்து அகற்றுங்கள்.

கூடுதலாக விட்ட அந்த ஒரு மில்லிமீற்றர் வீணல்ல. திண்ணையில் மூலைக்கு இரண்டாக எட்டுத் திருகாணிகளைத் தலை பதியும்படி இறக்கி, அந்தத் தலைகளின் மேல் தட்டை உட்காரவையுங்கள். ஒவ்வொன்றையும் கால் திருகு, அரைக்கால் திருகு என ஏற்றி இறக்கித் தட்டை மேசையோடு சமப்படுத்தலாம். சமமாயிற்றா என்பதை விரலால் தடவிப் பார்ப்பதோடு நில்லாமல், நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டம் ஒன்றைத் தட்டின் மேலும் மேசையின் மேலும் சேர வைத்து, அதன் அடியில் சாதாரண அச்சுத்தாள் துண்டொன்றைச் செருகிப் பாருங்கள். 80 கிராம் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். தாள் எங்கும் நுழையாவிட்டால் போதுமான அளவு சமம். மரம் உள்ளே வரும் பக்கத்தில் தட்டு தாழ்ந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். உயர்ந்திருந்தால் ஒவ்வொரு பலகையும் அங்கே இடறி நிற்கும்.

ரவுட்டரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்து உலோகத் தட்டில் திருகாணித் துளைகளைக் குறியுங்கள். புதிய தட்டு தடிப்பானது என்பதால் பழைய திருகாணிகள் குட்டையாக இருக்கும். அதே புரியுள்ள நீளமானவற்றை வாங்கி, தலைகள் தட்டுக்குள் பதியும்படி துளையின் வாயை அகலப்படுத்துங்கள். அழுத்தி இறக்கும் வகை ரவுட்டரில் உள்ள சுருள்வில், ரவுட்டர் தலைகீழானதும் இயந்திரத்தைக் கீழே தள்ளும். அதனோடு இயந்திரத்தின் நிறையும் சேர்வதால், உயரத்தை ஏற்றுவது பெரும்பாடாகும். சுருள்வில்லைக் கழற்ற இயந்திரத்தின் கைந்நூல் அனுமதித்தால் கழற்றி, பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். உயரம் சரியானதும் பூட்டை இறுக்க மறந்தால், ஓடும்போதே அதிர்வில் பிட் கீழிறங்கும்.

கேள்வி: என்னிடம் உள்ளது 6 மில்லிமீற்றர் கொலெட் கொண்ட, ட்ரிம்மர் எனப்படும் சிறிய ரவுட்டர் மட்டுமே. அதை மேசையில் பொருத்தலாமா, அல்லது பெரியது வாங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். விளிம்புகளை உருட்டுதல், சிறிய காடிகள், படச்சட்டங்கள், பெட்டி மூடிகள் ஆகியவற்றுக்கு அது போதும். மேசையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டடி நீளமுள்ள 12 மில்லிமீற்றர் ப்ளைவுட் துண்டில் ட்ரிம்மரைப் பதித்து, வேலை செய்யும் வாங்கின் விளிம்பில் கிளாம்பால் பிடித்துக்கொண்டால் அடுக்குமாடி வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் செருகி வைக்கலாம்.

எனினும் இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது வேகம். மக்கிடா 3709 போன்ற ட்ரிம்மர்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. அவை நிமிடத்துக்கு 30,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடுபவை. ஆகவே ஓரங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள பிட்டை அவற்றில் மாட்டவே கூடாது. இரண்டாவது தண்டின் அளவு. இங்குள்ள கடைகளில் 6 மில்லிமீற்றர்த் தண்டுள்ள பிட்டுகளும் கால் அங்குலத் தண்டுள்ளவையும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர்த் தண்டைக் கால் அங்குலக் கொலெட்டில் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் அது சரியாகப் பிடிபடாது, ஓட்டத்தில் நழுவி வெளியே வரும். 12 மில்லிமீற்றருக்கும் 12.7 மில்லிமீற்றரான அரை அங்குலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்டை அடிவரை இறக்கி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே இழுத்த பின்பு இறுக்குவதே முறை. அடியில் முட்டிய நிலையில் இறுக்கினால் கொலெட் முழுமையாகக் கவ்வாது.

கேள்வி: ஃபென்ஸ் எனப்படும் வழிகாட்டிப் பலகை மேசையின் விளிம்புக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டுமல்லவா? அதற்கு அலுமினியத் தண்டவாளங்களும் அளவுகோல்களும் பதிக்க வேண்டும் என்கிறார் நண்பர். செலவு கையைக் கடிக்கிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் நண்பர் மேசை வாளை மனத்தில் வைத்துச் சொல்கிறார். வட்ட வாளின் அலகுக்கு நீளம் உண்டு, ஆகவே வழிகாட்டிப் பலகை அதற்குச் சமாந்தரமாக இல்லாவிட்டால் மரம் இடுக்கிக்கொள்ளும். ரவுட்டர் பிட்டோ தன் அச்சில் சுழலும் வட்டம். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது ஒன்றே. வழிகாட்டிப் பலகை மேசையில் சரிந்து கிடந்தாலும், பிட்டின் நடுவிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரமே வெட்டைத் தீர்மானிக்கும். ஆகவே தண்டவாளமும் வேண்டாம், இரு முனை அளவுகோலும் வேண்டாம்.

இந்த உண்மையிலிருந்து ஒரு நல்ல வசதியும் பிறக்கிறது. வழிகாட்டிப் பலகையின் ஒரு முனையை ஒரு போல்டால் மேசையில் சுழலும்படி இறுக்கிவிட்டு, மறுமுனையை மட்டும் கிளாம்பால் பிடியுங்கள். பிட் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்தால், கிளாம்பு முனையை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தும்போது பிட்டின் அருகே பலகை அரை மில்லிமீற்றர் மட்டுமே நகரும். நகர்த்துவதற்கு முன் கிளாம்பு முனையில் பென்சிலால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால், காடியைக் கால் மில்லிமீற்றர் அகலப்படுத்துவதற்குக் கோட்டிலிருந்து அரை மில்லிமீற்றர் தள்ளினால் போதும். விலையுயர்ந்த நுண்திருகு செய்யும் வேலையை ஒரு போல்ட் செய்துவிடுகிறது.

மேசையில் குறுக்குக் காடி ஒன்றைப் பதித்து அதில், மரத்தைக் குறித்த கோணத்தில் பிடித்துத் தள்ளும் கோணமானியை ஓட்டும் வழக்கம் உண்டு. அது இருந்தால்தான் மேலே சொன்ன சமாந்தரத் தொல்லை திரும்பி வரும், மேற்பலகையும் பலவீனமாகும். குறுகிய சட்டங்களின் முனைகளை வெட்டுவதற்கு, செங்கோணமான ஒரு பலகைத் துண்டை வழிகாட்டிப் பலகையில் உராயவிட்டு அதனோடு சட்டத்தைச் சேர்த்துத் தள்ளினால் போதும். அக்காடியை வெட்டாமல் விடுவதே நல்லது என்பது நமது கருத்து.

வழிகாட்டிப் பலகையை 18 மில்லிமீற்றர் ப்ளைவுட்டில் ‘எல்’ வடிவில் செய்யுங்கள். முகப்புப் பலகை மேசைக்குச் செங்குத்தாக இருப்பதை மூலைமட்டத்தால் பாருங்கள், பின்னால் முக்கோணத் தாங்கிகள் நான்கு கொடுங்கள். முகப்பை இரண்டு துண்டுகளாகச் செய்து பக்கவாட்டில் நகரவிட்டால், பிட்டின் பருமனுக்கு ஏற்ப நடு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். முகப்பின் கீழ் விளிம்பில் மூன்று மில்லிமீற்றர் அளவு சாய்வாகச் சீவிவிட்டால், தூசி அங்கே சேர்ந்து மரத்தைத் தள்ளாது. விளிம்பை முழுவதும் சீவி நேராக்க வேண்டுமானால், மரம் வெளியேறும் பக்கத்து முகப்பின் பின்னால் ஒரு போர்மைக்காத் துண்டைச் செருகி முன்தள்ளுங்கள். பிட்டின் வெளிவிளிம்பை அந்த முகப்போடு சமப்படுத்தினால் மேசை ஒரு சீவுளி இயந்திரமாகவும் வேலை செய்யும்.

கேள்வி: ரவுட்டர் மேசைக்கு அடியில் இருப்பதால் அதன் சொந்த ஆளியை ஓடும் நிலையிலேயே பூட்டிவிட்டு, சுவரிலுள்ள செருகியிலேயே போட்டு நிறுத்துகிறேன். இது சரியா? அத்துடன் கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ற்று ரவுட்டரை இங்கே ஓட்ட முடியுமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: சரியல்ல, தயவு செய்து இன்றே நிறுத்துங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நண்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் நேர்ந்த கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கு ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னது உலகச் செய்தியாயிற்று. குரங்கை விடுங்கள், அப்படிப்பட்ட ஒரு தடையின்போது சுவர் ஆளியை அணைக்க மறந்துவிட்டு, பிட்டை மாற்றுவதற்காக ஒருவர் கையை மேசையின் மேல் வைத்திருக்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் என்ன நேரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கென்றே மின்தடை விடுவிப்பு ஆளி உண்டு. பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள் கொண்ட அதன் உள்ளே ஒரு மின்காந்தம் தொடுகைகளைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்ற கணமே காந்தம் விட்டுவிடுவதால், மின்சாரம் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தும் வரை இயந்திரம் ஓடாது. கடையில் ‘என்.வி.ஆர். சுவிட்ச்’ என்று கேளுங்கள். 230 வோல்ற்றுக்கு உரியதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். மேசையின் முன் காலில் முழங்காலால் தட்டியும் நிறுத்தக்கூடிய உயரத்தில், சிவப்புப் பொத்தான் வெளியே துருத்தி நிற்கும்படி பொருத்துவது நல்லது. இயந்திரத்துக்கு உள்ளேயே இத்தகைய பாதுகாப்பு உள்ள சில ரவுட்டர்கள், சொந்த ஆளி பூட்டிய நிலையில் வெளி ஆளியால் தொடங்க மறுக்கும். அவற்றுக்குச் சொந்த ஆளியையே பயன்படுத்த வேண்டும். எவ்வாறாயினும், பிட் மாற்றும்போது செருகியைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்.

1600 வோற்று ரவுட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 7 அம்பியர் இழுக்கும். ஆகவே 13 அம்பியர்ச் செருகி தாங்கும், நீட்டிப்பு வயர் 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பாக இருக்கட்டும், உருளையில் சுற்றியது என்றால் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வேகத்தைக் குறைப்பதற்கு மின்விசிறியின் ரெகுலேட்டரை இணைக்கும் யோசனையும் உலவுகிறது. அது இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது, தீப்பிடிக்கலாம்.

உறவினர் தந்த ரவுட்டரை, அதன் வலுவைவிடக் கூடிய வலுவுள்ள இறக்கு மின்மாற்றி மூலம் ஓட்டலாம். இங்குள்ள 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் அத்தகைய மோட்டாருக்குத் தடையல்ல. ஆனால் அந்த மின்மாற்றியின் விலையையும் பாரத்தையும் பார்த்தால், ரவுட்டரை நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, 230 வோல்ற்றில் ஒன்று வாங்குவதே மேல்.

கேள்வி: தேக்குச் சட்டங்களுக்கு விளிம்பு வேலை செய்யும்போது கரிந்த கோடுகள் விழுகின்றன. ஒரு தடவை சட்டம் கையிலிருந்து பறிக்கப்பட்டுச் சுவரில் போய் மோதியது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பறிக்கப்பட்டது திசையின் குற்றம். கையில் பிடிக்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் பிட், ரவுட்டரைத் தலைகீழாக்கியதும் மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழலும். வழிகாட்டிப் பலகைக்கு முன்னால் நிற்கும் நீங்கள் மரத்தை எப்போதும் வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போது பிட் மரத்தை உங்கள் கைக்கு எதிராகத் தள்ளும், அந்த எதிர்ப்பே உங்களுக்குப் பிடி. இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிட் மரத்தைத் தன்னோடு இழுத்து எறியும். இதே விபத்து இன்னொரு வழியிலும் வரும். அகலமான காடியை இரண்டு ஓட்டமாக வெட்டும்போது, சட்டம் பிட்டுக்கும் வழிகாட்டிப் பலகைக்கும் இடையே மாட்டும்படி சிலர் வைப்பதுண்டு. அங்கே மரத்தைத் தொடுவது பிட்டின் மறுபக்கம் என்பதால், வலமிருந்து இடமாகத் தள்ளினாலும் மரம் பறக்கும். சட்டத்தை ஒருபோதும் அந்த இடுக்கில் செலுத்தாதீர்கள்.

கரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. தேக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிட்டின் கூர். தேக்கு மரத்தில் சிலிக்கா இருப்பதால் சாதாரண உருக்குப் பிட் மிக விரைவில் மழுங்கிவிடும். கார்பைட் முனையுள்ளவற்றையே வாங்குங்கள். அதிலும் பிசின் படிந்திருந்தால் கூர் இருந்தும் கரியும், எனவே மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்தூரிகையால் தேய்த்து, நன்கு துடைத்து உலரவிடுங்கள். அடுத்தது, ஓட்டத்தின் நடுவில் கையை மாற்றுவதற்காக நிறுத்துவது. நின்ற இடத்தில் பிட் வெட்டாமல் உராய்ந்துகொண்டே இருக்கும், கரிக்கோடு சரியாக அங்கேதான் விழும். நீளமான சட்டத்துக்குத் தள்ளுகட்டை ஒன்றை இடப்பக்கத்தில் முன்கூட்டியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்காமல் மூன்று மில்லிமீற்றர் வீதம் எடுத்து, கடைசி ஓட்டத்துக்கு அரை மில்லிமீற்றர் மட்டும் விட்டுவைத்தால், கரிந்த கோடு இருந்தாலும் அதோடு போய்விடும்.

வேகத்தையும் பாருங்கள். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கதவுப் பலகைகளின் ஓரத்தைச் சாய்க்கும் 80 மில்லிமீற்றர் பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் அந்த வேகம் 360 கிலோமீற்றரைத் தாண்டும். ஆகவே ஓரங்குலம் வரை 24,000, இரண்டங்குலம் வரை 18,000, மூன்றங்குலமும் அதற்கு மேலும் 12,000 என்று குறைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்க முடியாத ரவுட்டரில் பெரிய பிட்டை மாட்டலாமா என்று கேட்டு இன்னும் இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுக்கும் இதுவே பதில்.

நான்கு பக்கமும் வேலை செய்யும் பலகையில் முதலில் நார்முனைகளையும் பிறகு நீளப் பக்கங்களையும் வெட்டினால், முனையில் பிய்ந்த நார்களை அடுத்த ஓட்டம் அகற்றிவிடும். வளைந்த துண்டுகளை வழிகாட்டிப் பலகையின்றிப் பெயாரிங் பிட்டால் வெட்டும்போது, தட்டில் ஒரு சிறு முளை நட்டு, மரத்தை முதலில் அதில் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் பிட்டை நோக்கித் திருப்புங்கள். ஓரடிக்குக் குறைவான துண்டைக் கையால் தள்ள வேண்டாம். நீளமான பலகையில் வேலையை முடித்துவிட்டுப் பிறகு துண்டாக அறுப்பதே விரலுக்கு நல்லது.

கேள்வி: அடுக்குமாடியில் வசிக்கிறேன். தூசியும் சத்தமும் அயலவர்களுக்குத் தொந்தரவாக உள்ளன. ரவுட்டரைச் சுற்றிப் பெட்டி அடித்து மூடிவிடலாமா?
– வாசகர், நாரஹேன்பிட்டி

பதில்: மூடலாம், ஆனால் முற்றாக மூடக்கூடாது. ரவுட்டர் தன் விசிறியால் காற்றை இழுத்தே தன்னைக் குளிர்விக்கிறது. காற்றுப் புகாத பெட்டியில் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். பெட்டியின் முன் கதவில் உள்ளங்கையளவு துளைகள் விட்டு, பின்புறம் தூசுறிஞ்சிக் குழாயைப் பொருத்தினால், காற்று முன்னால் நுழைந்து தூசியை வாரிக்கொண்டு பின்னால் போகும். வழிகாட்டிப் பலகையின் பின்னாலும் ஒரு குழாய் அவசியம். விளிம்பு வேலையில் பெரும்பகுதித் தூள் அவ்வழியாகவே வரும்; காடி வெட்டும்போது கீழே விழும்.

சத்தம் பெட்டியால் ஓரளவே குறையும். பிட் மரத்தில் மோதும் ஓசை மேசைக்கு மேலே எழுவது. அதற்கு மூடி கிடையாது. கால்களின் அடியில் தடித்த ரப்பர் வைப்பது கீழ்வீட்டாருக்கு நிம்மதி தரும். மற்றபடி நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் காதுக்கு மூடி கட்டாயம்.

மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்துவிட்டது. எனவே துணியால் மூக்கைக் கட்டுவதோடு நில்லாமல் என்95 தரத்திலான முகமூடியை அணியுங்கள். முதிரை மரத்தில் வேலை செய்பவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் தூசி சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பது தச்சர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. முழுக்கைச் சட்டை நல்லது, ஆனால் கைமுனை தொங்கக் கூடாது. கையுறை அணியவே கூடாது, பிட் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கேள்வி: மேசை செய்து முடித்துவிட்டேன். சமமாகத்தான் உள்ளது, ஆனால் மரம் வழுக்கிச் செல்லாமல் இழுபடுகிறது. என்ன பூசலாம்?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: சாதாரண மெழுகுதிரியைப் போர்மைக்காவின் மேல் நீளவாக்கில் தேய்த்து, உலர்ந்த துணியால் நன்றாக அழுத்தித் துடையுங்கள். தட்டுக்கும் வழிகாட்டிப் பலகையின் முகப்புக்கும் அவ்வாறே செய்யுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசி அதில் ஒட்டிக் களியாகும். சிலிக்கன் தெளிப்பான்களையும் தவிர்த்துவிடுங்கள். அது மரத்தில் பட்டால், பின்னர் பூசும் வார்ணிஷ் அந்த இடங்களில் ஒட்டாமல் குழி குழியாக விலகி நிற்கும்.